நிலைக்கு மேலே குளவிக்கூடு

ஒன்பது ஐம்பத்திரண்டு. குந்தவை வாசலைத் தாண்டிப் பதினேழு நிமிடம் ஆகிறது. முப்பத்தோரு வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக உட்கார்ந்தவனுக்குப் பெண்டாட்டி கிளம்பிய நேரமும் தானாகப் பதிந்துவிடுகிறது, அதற்கு நான் என்ன செய்ய முடியும். அவளுடைய தம்பி மகளுக்கு வளைகாப்பு. மகன் கதிரவன் அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். மண்டபம் மன்னார்குடிக்கு அந்தப் பக்கம், கலந்த சாதமெல்லாம் சாப்பிட்டுத் தாம்பூலம் வாங்கி அம்மாவும் மகனும் திரும்ப எப்படியும் பன்னிரண்டாகும். ஆக எனக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. ஒரு குளவிக்கூட்டைச் சுவரிலிருந்து பெயர்க்க இரண்டு நிமிடம் போதும். மீதி நேரம் எதற்கு என்றால், பயப்படுவதற்கு. குளவிக்குப் பாதி, குந்தவைக்குப் பாதி. தலைவலி என்று சொல்லி இலக்கியா போகவில்லை. இலக்கியா என் மருமகள், ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன், கல்யாணமாகி நாலு வருடம். நாலு வருடமாகியும் மடி நிறையாத பெண்ணை வளைகாப்பு வீட்டில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா. மாசமாக இருப்பவளுக்குப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, மிச்ச வளையலில் நாலை மாட்டிவிட்டு, அடுத்தது உனக்குத்தான் என்பார்கள். அந்த அடுத்தது நாலு வருடமாக அடுத்ததாகவே இருக்கிறது. தலைவலி வராமல் என்ன செய்யும். வண்டிச் சத்தம் தெருமுனையில் மறைந்ததும் காபியை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. "மாமா, ஒன்னு கேக்கலாமா?" என்றாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. "அந்தக் கூட்டை எடுத்துட முடியுமா மாமா? அத்தை வர்றதுக்குள்ள." எந்தக் கூடு என்று நான் கேட்கவில்லை. "எடுத்துடலாம்மா" என்றேன். சொல்லிவிட்டேன். காபி ஆறிப்போய்க் கிடக்கிறது.

பூச்சி என் இலாகா. அதில் இந்த வீட்டில் யாரும் தலையிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்ச்சும் ஸ்பிரேயருமாக நான் ஒரு சுற்று வருவேன், அந்த ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் நிம்மதி எனக்குக் கோயிலில்கூடக் கிடைப்பதில்லை, சாமி மன்னிக்கட்டும். சொந்த வீடு. ரிட்டையர் ஆகிக் கட்டிய வீடு. இதில் எந்த மூலையில் எது குடியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். பீரோவின் காலடியில் கரையான் ஏறப் பார்த்தது, வேப்பெண்ணெய் ஊற்றினேன், போய்விட்டது. கரப்பானுக்கு மைதா, சர்க்கரை, போரிக் பவுடர் பிசைந்து உருண்டை. ஏசியிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயில் கொசுவலைத் துண்டு கட்டியிருக்கிறேன், இல்லாவிட்டால் குளவி அதற்குள் மண்ணை அடைத்துவிடும், தண்ணீர் படுக்கையில் சொட்டும். மூன்று துளை பிளக் பாயிண்டைக்கூட அது விட்டுவைக்காது, புழங்காத பிளக்குக்கெல்லாம் டேப் ஒட்டியாகிவிட்டது. எறும்பில் பிள்ளையார் எறும்பை ஒன்றும் செய்வதில்லை, அது கடிக்காது, அது பாட்டுக்குப் போகும், வரும். சுள்ளெறும்புக்கு மட்டும் மஞ்சள்பொடி. கதிரவன் என்னைப் பூச்சி மாநாட்டுத் தலைவர் என்பான். சொல்லட்டும், அவன் சட்டையை அந்துப்பூச்சி அரிக்காமல் இருப்பது யாரால். இத்தனையும் செய்கிற எனக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் அனுமதி கிடையாது. ஹாலிலிருந்து மகனும் மருமகளும் படுக்கும் அறைக்குப் போகிற வாசல், அந்த நிலைக்கு மேலே, ஒரு சாண் தள்ளி வலது பக்கம். ஆவணியில் ஒரு குளவி மண் கொண்டுவந்து பூசத் தொடங்கியது. நான் துடைப்பத்தை எடுத்தேன், குந்தவை கையைப் பிடித்துக்கொண்டாள். "கை வச்சீங்கன்னா பாத்துக்கிடுங்க. குளவி கூடு கட்டுனா அந்த வீட்டுல தொட்டில் கட்டுவாங்க." அன்றிலிருந்து அது கூடு இல்லை, சேதி.

ஏணி மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அலுமினிய ஏணி, ஆறு படி. எடுக்கப் போனவன் நின்றுவிட்டேன். பன்னிரண்டு வயதில் ஒரு கதண்டுக் குளவி என்னைக் கொட்டியது. கதண்டு வேறு, இது வேறு, எனக்குத் தெரியும், கதண்டு கூட்டமாக வந்து கொட்டும், ஆளையே கொன்றுவிடும், போன வருடம் பக்கத்துத் தெருத் தென்னையில் கட்டியிருந்ததைத் தீயணைப்புக்காரர்கள் வந்து கொளுத்திவிட்டுப் போனார்கள். இந்த மண்குளவி அதன் பாட்டுக்குத் தனியாக வரும், தனியாகப் போகும், பிடித்து நசுக்கினால் தவிரக் கொட்டாது. ஊரில் எல்லோருக்கும் நான்தான் இதைச் சொல்வேன். ஆனால் என் இடது கண் அதை நம்பாது. அந்தக் கண்தான் அப்போது இரண்டு நாள் திறக்கவில்லை. சுண்ணாம்பைத் தடவி உட்காரவைத்தார்கள், முகம் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது, பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டாம் என்ற சந்தோஷம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. இப்போதும் ரீங்காரம் கேட்டால் இடது இமை தானாகத் துடிக்கும். இதோ துடிக்கிறது. சத்தம் ஒன்றுமே இல்லை, மிக்ஸி கூட ஓடவில்லை. அறுபத்துநாலு வயதில் ஏணிக்கு முன்னால் நின்றுகொண்டு இமையைத் தேய்க்கிறேன். சரி, கொட்டினால் கொட்டட்டும். குந்தவை கொட்டுவதற்குத்தான் சுண்ணாம்பு கிடையாது. அவள் கெட்டவள் இல்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், மருமகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிற மாமியார் இந்தத் தெருவில் வேறு யார் இருக்கிறார்கள். ஆனால் வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கூட்டைக் காட்டுவாள். "மேல பாத்தீங்களா?" என்பாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்குக் காட்டினாள். எதிர்வீட்டு மீனலோசனி டீச்சர் தினமும் வந்து பார்த்து, செம்மண்ணாக இருந்தால் பெண், களிமண்ணாக இருந்தால் பையன் என்று ஆராய்ச்சி செய்தாள். யார் பார்த்தாலும் கண் ஒரே வழியில்தான் போகும், முதலில் நிலைக்கு மேலே, அப்புறம் நேராக இறங்கி இலக்கியாவின் வயிற்றுக்கு. ஒரு நாள் அந்தக் கண்களுக்கு நடுவில் அவள் சாப்பாட்டுத் தட்டோடு நின்றாள். துப்பட்டாவை இழுத்து முன்னால் விட்டுக்கொண்டாள். நான் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன். இதே காரியத்தை முன்பும் செய்திருக்கிறேன். அதை இப்போது நினைக்க வேண்டாம். பத்து பத்து ஆகிவிட்டது, ஏணியை எடு.

எடுத்தேன். நிலையருகே விரித்து வைத்து, பெயிண்டர் விட்டுப்போன, பட்டி பூசுகிற தகட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மூன்று படி ஏறிவிட்டேன். இவ்வளவு பக்கத்தில் நான் இதைப் பார்த்ததே இல்லை. கைக்கு அடங்குகிற மண். கட்டைவிரல் கனத்தில் நாலு உருளை, ஒன்றை ஒட்டி ஒன்று. ஒவ்வொரு உருண்டை மண்ணையும் வாயில் கொண்டுவந்து வைத்த தடம்கூட வரிவரியாகத் தெரிகிறது. எவ்வளவு சுத்தமான வேலை. நான் கட்டிய வீட்டில் கொத்தனார் இவ்வளவு நேர்த்தியாகப் பூசவில்லை. தகட்டை எடுக்கிறேன், கை போகவில்லை. எனக்கு இந்தச் சேதியிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நாளை இந்தப் பெண் கொஞ்சம் தாமதமாக ஒரு நல்ல சேதி சொல்லி, அதுவும் தங்காமல் போனால், கூட்டை உடைத்தான் கிழவன் என்று யாரும் சொல்லக்கூட வேண்டாம், நானே சொல்லிக்கொள்வேன். நம்பிக்கை இல்லாதவனுக்கு எதற்கு இந்த நடுக்கம். என் அம்மாவின் குரல்தான் காரணம். "பாத்துடா ராசு, கூட்டுல பட்டுடாம." பழைய வீடு, ஓட்டு வீடு, அங்கேயும் இப்படித்தான் ஒரு நிலை, அதற்கு மேலே ஒரு கூடு. எனக்கும் குந்தவைக்கும் கல்யாணமாகி இரண்டாம் வருடம் அது கட்டியது. அம்மா அதைத் தெருவுக்கே காட்டினாள். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது என் வேலை. மூங்கில் ஏணியில் ஏறி மட்டையால் சுவரெல்லாம் அடித்துவிட்டு, அந்த இடம் வந்ததும் சின்ன பிரஷ்ஷை எடுத்து, கூட்டைச் சுற்றிச் சொட்டுப் படாமல் வரைந்தேன். கீழே அம்மா நின்று பார்த்தாள். பக்கத்தில் சுண்ணாம்பு வாளியோடு குந்தவை நின்றாள். ஓரம் நேராக வந்திருக்கிறதா என்று நான் அவளிடமே கேட்டேன். ஒரு பொங்கல் இல்லை, நாலு பொங்கல். ஒவ்வொரு வருடமும் சுவர் வெளுக்க வெளுக்க அந்தக் கூடு இன்னும் கறுப்பாகத் தெரிந்தது, வருகிறவர்கள் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தார்கள். அவள் வயிற்றையும் பார்த்தார்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். "இதை எடுத்துடலாமாங்க?" நான் சொன்னேன், "இருக்கட்டுமே, அம்மா ஆசப்படுது." அவள் அப்புறம் கேட்கவில்லை. ஆறாம் வருடம் கதிரவன் பிறந்தான். அம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டே குளவிக்குப் பெருமையைக் கொடுத்தாள், குளவி சொன்னால் சொன்னதுதான், கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான் என்றாள். எல்லோரும் சிரித்தோம். குந்தவையும் சிரித்தாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சிரித்தாளா. அந்த முகத்தை இப்போது கொண்டுவரப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. சுண்ணாம்பு வாளியோடு நின்ற முகம்தான் வருகிறது.

ஏணி அசைந்தது. கீழே பார்த்தால் இலக்கியா, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எப்போது வந்தாள் தெரியவில்லை. "பயமா இருக்கா மாமா?" "சேச்சே" என்றேன். இடது இமை என்னைக் காட்டிக்கொடுத்தது. "ஓட்டை இருக்கான்னு பாருங்க" என்றாள், லேபில் சிரிஞ்சைப் பிடிக்கிற நிதானத்தோடு. "ஓட்டை இருந்துச்சுன்னா உள்ள இருந்தது பறந்து போயிருக்கும். ரொம்ப நாள் ஆகாது மாமா, மூணு நாலு வாரம்தான், நான் படிச்சிருக்கேன்." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தேன். ஒன்றாவது உருளையில் பென்சில் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில் ஒன்று. பூச்சி இலாகாவின் தலைவர், டார்ச் அடித்து ஞாயிறுதோறும் சுற்றுகிறவர், இதைப் பார்க்கவே இல்லை. ஆவணியில் கட்டியது, இப்போது கார்த்திகை. எப்போதோ காலி. இரண்டு மாதமாக மீனலோசனி டீச்சரும் சிலிண்டர்காரரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது ஆளில்லாத வீட்டை. எனக்குச் சிரிப்பு வந்தது, வாயைத் திறந்து சிரித்துவிட்டேன். "என்ன மாமா?" "காலிம்மா. எல்லாம் போயிருச்சு." அவளும் சிரித்தாள், ஏணி குலுங்கியது. சிரித்துக்கொண்டே இருந்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் அதுவும் காலிதான். பழைய வீட்டுக் கூடு. அது கட்டிய மறுமாசமே பறந்து போயிருக்கும். நாலு பொங்கலுக்கு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரம் வரைந்தேனே, ஒன்றுமில்லாத மண்ணுக்கு. உள்ளே ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை, அதற்காக ஒருத்தியை நாலு வருடம் அதன் கீழே நிறுத்திவைத்தோம். நிலையைப் பிடித்துக்கொண்டேன். "மாமா?" "ஒன்னுமில்லம்மா, தூசி."

தகட்டை அடியில் கொடுத்து நெம்பினேன். பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை, மூன்று உருளையும் பொலபொலவென்று உதிர்ந்து, இலக்கியா சமையலறையிலிருந்து எடுத்துவந்து பிடித்த முறத்தில் விழுந்தன. நாலாவது மட்டும் உதிரவில்லை. அதில் ஓட்டையும் இல்லை. காதை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன், என்ன அசட்டுத்தனம், கேட்குமா. "இது மூடியிருக்கு" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். போட்டு மிதித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன், அந்த மண்ணால் அவள் பட்டது கொஞ்சமா. "உடைச்சுடாதீங்க மாமா. அது என்ன பண்ணுச்சு, பாவம். எங்க தலைக்கு மேல வேணாம், அவ்வளவுதான். வேற எங்கயாச்சும் இருந்துட்டுப் போகட்டும்." தகட்டின் நுனியைச் சுவரோடு சேர்த்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஓரம் வரைந்த அதே கையால், அந்த ஒற்றை உருளையை முழுசாகப் பெயர்த்தேன். பின்பக்கம் மெல்லிய சவ்வு தெரிந்தது, கிழியவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். மோட்டார் ரூமில் மழை படாத மேல் தட்டு ஒன்று இருக்கிறது, பழைய வால்வுகளை வைக்கிற இடம், அங்கே கொண்டுபோய்ச் சுவர் வெடிப்புக்குள் சாய்த்து வைத்தோம். நான் வைத்தேன், அவள் டார்ச் பிடித்தாள். பொரியுமா பொரியாதா, அது அதன் பாடு. திரும்பி வரும்போது அவள், "காபி ஆறிப்போச்சு, வேற போடவா மாமா?" என்றாள். போட்டாள். இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்து குடித்தோம். தலைவலி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. முறுக்கு டப்பாவை எடுத்து வந்தாள். லேபில் ஒருவர் ஊசியைப் பார்த்ததும் மயங்கி அவள் மேலேயே விழுந்த கதையைச் சொன்னாள், முழங்கையை மடித்து அவர் விழுந்த மாதிரியே சாய்ந்து காட்டினாள். இந்த வீட்டில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நிலைக்கு மேலே கூடு இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு வட்டம் நின்றது. அதைத் துடைக்கலாம். எனக்கு எழுந்திருக்க மனசில்லை, வெயில் ஜன்னல் வழியாகக் காலில் விழுந்துகொண்டிருந்தது, முறுக்கு மொறுமொறுவென்று இருந்தது. இப்படியே இருக்கட்டும் கொஞ்ச நேரம்.

பதினொன்று ஐம்பத்தொன்று. வண்டிச் சத்தம். ஒன்பது நிமிடம் முன்னால் வந்துவிட்டாள், என் கணக்கில் பிழை. ஏணியை மடிக்கக்கூட இல்லை. கதிரவன் வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டிருக்க, குந்தவை பட்டுப்புடவைச் சரசரப்போடு உள்ளே வந்தாள், கையில் தாம்பூலப் பை. முதலில் ஏணியைப் பார்த்தாள். அப்புறம் நிலைக்கு மேலே. கண் அங்கேயே நின்றது. நான் எழுந்தேன். "நான்தான் எடுத்தேன். சுவரு கெட்டுப்போகுதுன்னு." அதே நொடியில் இலக்கியா, "இல்ல அத்தை, நான்தான் மாமாகிட்ட சொன்னேன், எடுக்கச் சொல்லி" என்றாள். தலையைக் குனியவில்லை. முறத்தில் உடைந்த மண் கிடந்தது. குந்தவை குனிந்து ஒரு துண்டை எடுத்தாள், திருப்பினாள், ஓட்டையில் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்த்தாள். "இது காலியால்ல இருக்கு" என்றாள். "எப்பவோ பறந்துருச்சு அத்தை. ஒன்னு மட்டும் மூடியிருந்துச்சு, அதை மோட்டார் ரூம்ல வச்சிருக்கோம்." குந்தவை அந்தத் துண்டைத் திரும்ப முறத்தில் வைத்தாள். இப்போது கத்துவாள், இப்போது கத்துவாள் என்று என் இமை துடிக்கிறது. அவள் கத்தவில்லை. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பச்சைக் கண்ணாடி வளையல். "உனக்குன்னு குடுத்து விட்டாளுவ. பிடிச்சா போட்டுக்க. இல்லன்னா அம்மனுக்குச் சாத்திடுவோம், ஒன்னும் அவசரமில்ல." சமையலறைக்குப் போனாள், குழாய்ச் சத்தம் கேட்டது, ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு வந்தாள். பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஏணியப் பிடிங்க" என்றாள் என்னிடம். நான் துடைக்கிறேன் என்றேன், காதில் வாங்கவில்லை. மூன்று படி ஏறி அந்தப் பழுப்பு வட்டத்தைத் தேய்த்தாள். விட்ட இடத்தை மறுபடியும் தேய்த்தாள். சுவர் சுத்தமான பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்தபடியே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "நம்ம பழைய வீட்டுலயும் ஏணி இருந்துச்சுல்ல."

"இருந்துச்சு" என்றேன்.

"மூங்கி ஏணி. ஏறுறதுக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு, குந்தவ."

துணியை என் கையில் கொடுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.